கயிற்றின் மறுமுனை

முத்துக்குளிப்பைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் ஒரு கதை சொல்வேன். கடலுக்குள் மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பவன் அவனுடைய மைத்துனன். உடன்பிறந்தவளின் தாலி போய்விடுமே என்று அவன் பிடியை விடவே மாட்டான். நம் ஊரில் பலரும் சொல்லக் கேட்ட கதைதான். சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் இதைச் சொல்லி முடித்த அன்று, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி வகுப்பு கலைந்த பிறகு என்னிடம் வந்தாள். "எங்கப்பா டேனரி தொட்டிக்குள்ள இறங்குனப்ப மேல யாருமே கயிறு புடிக்கல மேடம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அன்று முதல் அந்தக் கதையை என்னால் பழையபடி சொல்ல முடியவில்லை. மூச்சுவிட முடியாத இடத்துக்கு மனிதர்கள் எப்படி இறங்கினார்கள், அவர்களுக்குக் காற்றைக் கொடுத்தவர்கள் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முழுக்காளர் உடுப்பின் கதை தண்ணீரில் தொடங்கவில்லை, புகையில் தொடங்குகிறது. 1823இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் டீன் புகை மண்டிய இடத்துக்குள் நுழைவதற்காக ஒரு தலைக்கவசத்துக்குக் காப்புரிமை பெற்றார். வெளியில் நிற்பவர் துருத்தியால் குழாய் வழியே காற்று அனுப்ப வேண்டும். பிறகு அவரும் தம்பி ஜானும் அதையே கடலுக்கடியில் பயன்படுத்தினார்கள். 1830களில் அகஸ்டஸ் சீப் அதை உடல் முழுவதையும் மூடும் உடுப்போடு இணைத்தார். நச்சுக்காற்று நிறைந்த தொட்டிக்கும் கடலுக்கும் ஒரே கருவிதான் தாய். இரண்டு இடத்திலும் விதியும் ஒன்றுதான்: கீழே இருப்பவரின் மூச்சுக்கு மேலே இருப்பவர் பொறுப்பு.

இன்றைய முழுக்காளர்கள் குளிர்ந்த நீரில் 'ட்ரைசூட்' என்ற நீர்புகா உடுப்பு அணிகிறார்கள். ஆழம் போகப் போக நீரின் அழுத்தம் உடுப்புக்குள் இருக்கும் காற்றை நசுக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் காற்றின் கொள்ளளவு பாதியாகிவிடும். அதனால் மார்பிலுள்ள வால்வு வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை நிரப்ப வேண்டும். மேலே ஏறும்போது அது விரியும் என்பதால் தோள்பக்க வால்வு வழியே வெளியேற்ற வேண்டும். வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் என்பதால் சிலர் உடுப்புக்குள் ஆர்கான் வாயுவை நிரப்புவார்கள். அதற்கென்று தனிச் சிறு உருளை உண்டு. ஆர்கானில் ஆக்சிஜன் இல்லை. அந்த உருளையை மறந்தும் வாய்க்குழாயில் இணைக்கக் கூடாது என்பது அவர்களுடைய பாலபாடம். உடலைக் காக்கும் காற்று வேறு, உயிரைக் காக்கும் காற்று வேறு.

இதைப் படித்தபோது எனக்கு நம் பகுதித் தொட்டிகள்தாம் நினைவுக்கு வந்தன. கையுறையும் கம்பூட்ஸும் கொடுத்துவிட்டு, பாதுகாப்புக் கருவி கொடுத்தாயிற்று என்று கணக்கு எழுதுகிறார்கள். அவை தோலைக் காக்கும். மூச்சை யார் காப்பது?

தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். குரோம் பதனிடுவதற்கு முன் தோலை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். இந்த இரண்டு கழிவும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் அதைவிடச் செறிவான காற்றுக்குள் போய் விழுகிறார்.

முகத்தில் கட்டும் துணியோ தூசி மாஸ்க்கோ இதற்கு உதவாது. வடிகட்டி வைத்த மாஸ்க்கும் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கித் தராது. முதல் வழி, மனிதரை இறக்காமல் இயந்திரத்தால் சுத்தம் செய்வது. இறங்கியே ஆகவேண்டுமென்றால் முன்னதாகவும் வேலை நடக்கும்போதும் வாயுமானியால் சோதிக்க வேண்டும், ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வெளியிலிருந்து குழாயிலோ முதுகு உருளையிலோ நல்ல காற்று வரவேண்டும். காற்றை இழுக்கும் இயந்திரத்தை வண்டிப் புகை படாத இடத்தில் வைக்க வேண்டும். உடலில் பட்டி, பட்டியில் கயிறு, மேலே முக்காலி.

இவை புதிய அறிவல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே, தொட்டியில் ஆபத்தான வாயு இல்லையென்று தகுதியுள்ளவர் சோதித்து எழுதித் தரவேண்டும், இல்லையேல் இறங்குபவர் மூச்சுக்கருவியும் கயிறு கட்டிய பட்டியும் அணிந்திருக்க வேண்டும் என்றது. அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், காற்றுக்குழாய் மூச்சுக்கருவியிலிருந்து முக்காலி வரை நீண்ட பட்டியலே தருகின்றன. பாலாற்றைக் காக்க வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உலகறிந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றது அது. கழிவைச் சுத்திகரிக்கத்தான் தொட்டிகள். அந்தத் தொட்டிகளைச் சுத்தம் செய்ய யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது.

மைத்துனன் கதைக்குத் திரும்புகிறேன். அதைப் பாசத்தின் கதை என்றே நினைத்திருந்தேன். இப்போது அதில் வேறொன்றும் தெரிகிறது. கூலிக்கு மூழ்குகிறவனின் உயிருக்கு முதலாளி ஒரு பொறுப்பும் ஏற்கவில்லை. ஒரு பெண் விதவையாகிவிடுவாள் என்ற பயம்தான் அங்கே இருந்த ஒரே பாதுகாப்புக் கருவி. அந்தப் பயத்துக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

தொட்டியில் அந்தப் பயமும் உதவாது. மேலே நிற்கும் தம்பியோ மைத்துனனோ, விழுந்தவரைத் தூக்கக் காற்றில்லாமல் தானும் குதிக்கிறான். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே எழுதியது. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே நாளில் விதவையாவது இப்படித்தான்.

சாக்கடை மரணங்களுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாயும், 2023இல் 30 லட்சமும் இழப்பீடு என்றது உச்ச நீதிமன்றம். அதைக் கேட்டு வாங்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதும் பெண்தான். என் மாணவியின் அம்மா ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டாராம். அது என்ன தாள் என்று படித்துக்காட்ட அன்று பக்கத்தில் யாரும் இல்லை. அடுத்த மாதமே ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போய்விட்டார்.

இப்போதும் முத்துக்குளிப்புக் கதையைச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் 36ஆம் பிரிவைக் கரும்பலகையில் தமிழில் எழுதிப்போடுகிறேன். தமிழ் வகுப்பில் இது எதற்கு என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக்காட்டுகிறார்கள்.