பகுதியை மாற்றினால் போதும்



மண்வெட்டியின் காம்பு முறிந்தால் காம்பை மட்டும் மாற்றுகிறோம். சைக்கிளின் டயர் தேய்ந்தால் புது டயர் போடுகிறோம். மின்னணுக் கருவிகளையும் இப்படிச் செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு வரலாறே சான்று.

பழைய வானொலிப் பெட்டிகளில் கண்ணாடி வால்வுகள் குழிகளில் செருகப்பட்டிருந்தன. ஒன்று கெட்டால் அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகுவார்கள். பெட்டி மீண்டும் பாடும். 1967இல் அமெரிக்காவின் மோட்டரோலா நிறுவனம் 'குவாசர்' என்னும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை வெளியிட்டது. அதன் மின்சுற்றுகள் தனித்தனி அட்டைகளாக, மேசை இழுப்பறையைப் போல வெளியே இழுக்கும்படி அமைந்திருந்தன. பழுது பார்ப்பவர் வீட்டுக்கே வந்து, கெட்ட அட்டையை எடுத்துவிட்டு நல்லதை வைத்துவிடலாம்.

இவை பழுது நீக்கும் வழிகள். வாங்கிய கருவியை மேலும் வளர்த்துக்கொள்ளும் வழியைப் பரவலாக்கியது, ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட கணினி. அதனுள் அட்டை செருகும் இடங்கள் 5 இருந்தன. நினைவகம் போதாவிட்டால் அதற்கோர் அட்டை வாங்கிச் செருகலாம். புதுக் கணினி தேவையில்லை. மின்சுற்று விவரங்களையும் அந்நிறுவனம் நூலாக வெளியிட்டது. ஆகவே பிற நிறுவனங்களும் அட்டைகளைச் செய்தன. பின்னர் அதே வகைக் கணினிகளையும் செய்தன. போட்டி பெருகவே விலை இறங்கியது.

1987இல் ஐ.பி.எம். வேறு அளவுள்ள புதிய செருகிடத்தைக் கொண்டுவந்தது. பழைய அட்டைகள் அதில் பொருந்தவில்லை. அதைப் பின்பற்ற விரும்பிய பிற நிறுவனங்கள் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. 1988இல் காம்பாக் உள்ளிட்ட 9 நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளும் பொருந்தும் வேறோர் அளவை அறிவித்தன. ஐ.பி.எம். விரும்பிய அளவு நிலைக்கவில்லை. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு: பகுதி கழன்று வந்தால் மட்டும் போதாது, யார் செய்தாலும் பொருந்தும் பொது அளவு வேண்டும்.

கைத்தொலைபேசியில் நிலைமை மாறியது. 2007இல் வந்த ஐபோனின் பேட்டரியை வாங்கியவர் தாமே கழற்ற இயலாது. பிற நிறுவனங்களும் மெல்ல மெல்ல அவ்வழியே சென்றன. பகுதி பகுதியாகக் கோக்கும் தொலைபேசியைச் செய்ய முனைந்த கூகுள், 2016இல் அம்முயற்சியைக் கைவிட்டது. இணைப்பு முனைகள் இடம் பிடிக்கும், விலையும் கூடும் என்பது உண்மைதான். ஆயினும் நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம், திரை, கேமரா, பேட்டரி ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றக்கூடிய தொலைபேசியை 2015இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017இல் அதற்கே மேலும் தெளிவான கேமராவையும் தனியாக விற்றது.

இது ஏன் நமக்கு முக்கியம்? 2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்கிற்கும் குறைவே. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு விதி இயற்றியது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துவோரே மாற்றும்படி, சில விலக்குகள் நீங்கலாக, 2027 பிப்ரவரி முதல் அமைக்க வேண்டும் என்பதே அது.

தவணை கட்டி முடியும் முன்பே ஒரு கருவி கெட்டால், அந்த இழப்பு சம்பளத்தை நம்பிய குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. ஆகவே வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேட்டரியை மாற்றலாமா? உதிரிப் பகுதி தனியாகக் கிடைக்குமா? அதன் விலை என்ன? விடை தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.