சின்ன ஃப்ளாட், ஒரு பூனை: 'பெட்ஸ் கூடாது' போர்டு செல்லுமா?

திருவனந்தபுரத்தில் வேலை கிடைச்சு ஒன் பிஎச்கே தேடுறீங்க. லிஃப்ட் பக்கத்தில் 'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை'ன்னு போர்டு. கவலை வேண்டாம், அது செல்லாது. குடியிருப்போர் சங்க விதிகளில் இப்படித் தடை போடுவது சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி லிஃப்ட்டையும் மறுக்க முடியாது. நியாயமான நிபந்தனைகளை மட்டும் சங்கம் விதிக்கலாம். ஆனா வீட்டு ஓனர் விஷயம் வேறு; அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிடுங்க. நாய் என்றால் ரேபிஸ் தடுப்பூசியும் மாநகராட்சி லைசென்ஸும் கட்டாயம்.

இனி வீட்டுக்குள். பூனைக்குச் சதுர அடியை விட உயரம்தான் முக்கியம். சுவரில் ரெண்டு மூணு ஷெல்ஃப் படிபோல அடிச்சா, தரை உங்களுக்கே மிஞ்சும். பால்கனிக்கு வலை போட மறக்காதீங்க. இங்கே ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று; துணி மேட் காயவே காயாது, ரப்பர் மேட் போதும்.

எல்லார் வீட்டிலும் இருக்கும் மணி பிளான்ட்டை எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்க. அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட், கடிச்ச நாய், பூனையின் வாயை எரிக்கும். ஃபினாயிலும் பூனைக்கு ஆகாது: துடைச்ச தரையில் நடந்துட்டு, பாதத்தை நக்கும்.