முத்திரை இல்லாத தராசு

ஆன்லைன் ஆர்பிஜி விளையாட்டுகளின் வரலாற்றை அரக்கர்களை வைத்தும் எழுதலாம், கிராபிக்ஸை வைத்தும் எழுதலாம். எனக்கு அது கடைகளின் வரலாறு. யார் விற்றார்கள், எதை விற்றார்கள், தராசு யார் கையில் இருந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால், இந்த விளையாட்டுகளை ஆடுபவர்கள் இருபது வருடமாக ஏன் கோபமாகவே இருக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

2002இல் கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் ரக்னராக் ஆன்லைனை வெளியிட்டது. 2000களின் நடுவில் லெவல் அப் நிறுவனம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதே காலகட்டத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி, ஏ3 என்ற இன்னொரு கொரிய விளையாட்டை இங்கே நடத்தியது. பிரவுசிங் சென்டர்களின் காலம் அது. ரக்னராக்கில் போர்வீரன், மந்திரவாதி மாதிரி வணிகனும் ஒரு பாத்திரம். விளையாட்டே நடத்தும் கடையில் ஒரு பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதி விலைதான் தருவார்கள். வணிகனாக ஆடுபவர் திறனை வளர்த்துக்கொண்டால் அதற்கு மேல் 24 சதவீதம் வரை வாங்கலாம். அதைவிட நல்ல வழி, தள்ளுவண்டி எடுத்துக்கொண்டு புரொன்டெரா நகரத் தெருவில் தானே கடை விரிப்பது. ஒரு கடையில் 12 பொருள் வரை வைக்கலாம். கடைப்பெயரும் விலையும் அவரவர் இஷ்டம். கடை விரித்தவர் அந்த இடத்தை விட்டு நகர முடியாது என்பதால், பலர் கம்ப்யூட்டரை ஓடவிட்டுத் தூங்கப் போவார்கள்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் சாயங்காலம் நடந்தவர்களுக்கு அந்தத் தெரு அந்நியமாக இருக்காது. அங்கேயும் சண்டை உண்டு. 'ஒரு ஜீரோ சேத்துப் போட்டு ஏமாத்திட்டான்', 'எல்லாத்தையும் வாங்கிப் பதுக்கிட்டான்' என்ற புகார்கள் உண்டு. ஆனால் அது சந்தைச் சண்டை. பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்.

அடுத்த கட்டம் 2012. மே மாதம் பிளிசார்ட் நிறுவனம் டையாப்ளோ 3ஐ வெளியிட்டது. ஜூனில் நிஜப் பணத்தில் ஏலம் விடும் சந்தை ஒன்றை உள்ளேயே திறந்தது. விற்பவர் ஆடுபவர்தான், ஆனால் நிறுவனத்துக்கு ஒவ்வொரு விற்பனையிலும் தரகு. எதிரியைக் கொன்றால் என்ன ஆயுதம் கிடைக்கும் என்பதை முடிவு செய்வதும் அதே நிறுவனம்தான். 'நல்ல வாள் எனக்கு ஏன் விழவே மாட்டேங்குது? சந்தைக்குப் போகட்டும்னா?' என்ற சந்தேகம் எழுந்தது. சந்தேகம் சரியோ தவறோ, அதைப் பொய் என்று காட்ட ஆடுபவரிடம் வழி கிடையாது. கடைசியில் நிறுவனமே, ஏலச் சந்தை விளையாட்டின் அடிப்படையைக் கெடுக்கிறது என்று ஒப்புக்கொண்டு 2014 மார்ச் 18 அன்று அதை மூடியது.

மூன்றாவது கட்டத்தில் சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்தது. கொரியாவின் நெக்ஸான் நிறுவனம் மேப்பிள் ஸ்டோரியில் 2010 முதல் 'கியூப்' என்ற பொருளைக் காசுக்கு விற்றது. அதைப் பயன்படுத்தினால் ஆயுதத்தின் பண்புகள் குலுக்கல் முறையில் மாறும். 2013 ஜூலையில் வந்த கறுப்பு கியூபில், ஆயுதம் உச்ச நிலைக்கு உயரும் வாய்ப்பு 1.8 சதவீதம். அந்த டிசம்பருக்குள் 1.4 ஆகக் குறைத்தார்கள். 2016 ஜனவரியில் 1 ஆக்கினார்கள். யாருக்கும் சொல்லவில்லை. அதற்கும் முன்பே, 2011இல், எல்லோரும் ஆசைப்பட்ட சில பண்புச் சேர்க்கைகள் வரவே முடியாதபடி மாற்றிவிட்டு, எதுவும் மாறவில்லை என்று அறிவிப்பும் போட்டிருந்தார்கள். 2021இல் விஷயம் வெளியே கசிந்ததும், ஆடுபவர்கள் பணம் சேர்த்து மின்திரை பொருத்திய லாரிகளை நிறுவனத்தின் வாசலுக்கே அனுப்பினார்கள். 2024 ஜனவரியில் கொரியாவின் நியாய வணிக ஆணையம் 1,160 கோடி வோனுக்கு மேல் அபராதம் விதித்தது.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் உறுத்துவது, அது எவ்வளவு சுலபம் என்பது. 1.8 என்பது சர்வரில் எங்கோ ஒரு அட்டவணையில் இருக்கும் ஒரு எண். அதை 1 ஆக்க உங்கள் போனில் எந்த அப்டேட்டும் வர வேண்டியதில்லை. ஒருத்தர் மாற்றுவார், இன்னொருத்தர் சரி பார்ப்பார், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். போனில் ஒரு ஆர்பிஜி ஆடுகிறான். "ஒரு சதவீதம்னு போட்டிருக்கான் மாமா. நூறு பெட்டி திறந்துட்டேன், ஒண்ணுகூட வரல. ஏமாத்துறானா?" என்று கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். வாய்ப்பு உண்மையிலேயே 1 சதவீதம் என்றாலும், நூறு பெட்டி திறக்கும் 100 பேரில் சுமார் 37 பேருக்கு ஒன்றுமே வராது. வாய்ப்பு 1.8 ஆக இருந்தால் வெறுங்கையோடு போவது 16 பேர். "அப்ப நான் அந்த 37ல ஒருத்தனா, இல்ல அவன் நம்பரை மாத்திட்டானா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தனி ஆள் எவராலும் தன் அனுபவத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. லட்சக்கணக்கான திறப்புகளின் பதிவு யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் தெரியும். அதாவது கடைக்காரருக்கு.

நம் சட்டங்கள் இதற்குப் பக்கத்தில் வந்து வேறு பக்கம் திரும்பிவிட்டன. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு, நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. தேவையான சட்டங்கள்தான். ஆனால் அவற்றின் மையக் கேள்வி, பணத்தை வைத்துப் பணத்தை எடுக்க ஆடுகிறார்களா என்பது. என் அக்கா மகன் பணம் எடுக்க ஆடவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு வாள். அவன் சூதாடி கிடையாது, வாடிக்கையாளன்.

வாடிக்கையாளனைப் பற்றி நமக்குப் பழைய அறிவு ஒன்று இருக்கிறது. வண்டலூரில் காய் விற்பவரின் மின்தராசுக்கும் அரசு முத்திரை வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறை அதைச் சோதித்து முத்திரையிட வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். விலை என்ன என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொரியா 2024 மார்ச் முதல் குலுக்கல் பொருள்களின் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வெளியிட்டதும் உண்மையில் ஓடுவதும் ஒன்றுதானா என்று சோதிக்கவும் ஆள் வைத்திருக்கிறது.

அரை கிலோ தக்காளிக்குக் கொடுக்கும் பாதுகாப்பை, பத்தாவது படிக்கும் பையன் யுபிஐயில் கட்டும் ஐம்பது ரூபாய்க்கும் கொடுக்கலாம். அவனுக்கு வாள் கிடைத்தே ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த 37 பேரில் அவன் ஒருவன் என்றால், அதை அவன் நம்ப ஒரு காரணம் இருக்க வேண்டும்.