நம்பரைச் சொல்லுங்க சார்

சென்னை ரிட்சி தெருவில் முதல் நாள் நான் செய்த தப்பு, மிஷின் பேரைச் சொன்னது. "பிபிசி மைக்ரோவுக்கு உதிரி கிடைக்குமா?" என்று ஏழு கடை ஏறி இறங்கினேன். "ரேடியோவா சார்?" என்றார்கள். எட்டாவது கடைப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "பேரு எதுக்கு சார்? ஐசி நம்பரைச் சொல்லுங்க."

அந்தத் தெருவின் வரலாறே இந்த ஒரு பேச்சில் அடக்கம். அண்ணா சாலையை ஒட்டி, ரேடியோ உதிரி விற்று வளர்ந்த தெரு அது. எந்தக் கம்பெனி ரேடியோவானாலும் உள்ளிருக்கும் வால்வுக்கு எண்தான் பெயர். பிறகு ஏசி 128, பிசி 148 என்று டிரான்சிஸ்டர்கள் வந்தன. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியபின் டிவி உதிரிகள் பெருகின, அடுத்து கம்ப்யூட்டர். சரக்கு மாறியதே தவிர, எண் சொல்லிக் கேட்கும் வழக்கம் மாறவில்லை.

என் மிஷினுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக கேம்பிரிட்ஜின் ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் இந்தக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர், 32 கிலோபைட் நினைவகம். 1984-85இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்ததும் இதுதான். மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதற்கு உரிமம் பெற்று 'யூனிகார்ன்' என்ற பெயரில் விற்றது.

நான் இயற்பியல் வாத்தியார். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் வருவார்கள். கடைசியில் மிஷினை எடைக்குப் போட்டபோது, காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

ஆசையில் சுவிட்சைப் போட்டதும் டப்பென்று வெடித்து அறையெல்லாம் புகை. பவர் சப்ளையில் 230 வோல்ட் நேரே பாயும் இடத்தில் உள்ள 0.1 மைக்ரோஃபாரட் காகிதக் கண்டன்சர் அது. மேல்கூடு நாளடைவில் விரிசல் விட்டு, உள்ளே ஈரம் ஏறி, மின்சாரம் பட்டதும் வெடிக்கும். எக்ஸ்2 ரகத்தில் புதிது வாங்கி மாற்றினேன். அது எந்தக் கடையிலும் கிடைக்கும். பிறகு 'பூ-பீப்' என்று சத்தம் வந்தது. திரையில் படம் மட்டும் நிற்காமல் உருண்டது. படத்தைத் திரையில் நிறுத்தும் 6845 என்ற ஐசி போய்விட்டது.

அந்த 40 கால் ஐசிக்காகத்தான் இத்தனை அலைச்சல். எண்ணைச் சொன்னதும் பெரியவர், "அது உங்க மிஷின்ல மட்டுமா இருக்கு? பழைய பிசியோட ஹெர்குலிஸ் கார்டுல இருக்கும்" என்று ஒரு கோணிப்பையைக் கவிழ்த்தார். கிடைத்த முதல் 6845ஐப் போட்டேன். படம் நின்றது, ஆனால் கர்சர் எழுத்தை விட்டு விலகி நின்றது. மறுபடி போனேன். "எஸ் இருக்கணுமோ?" என்று ஹிட்டாச்சி ஐசி ஒன்றை எடுத்தார். அதில் எச்டி46505எஸ்பி என்று அச்சாகியிருந்தது. 6845எஸ்ஸின் பழைய எண்தான் அது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கர்சரைத் தள்ளி நிறுத்தும் வசதி அந்த எஸ் ரகத்தில் உண்டு. 60 ரூபாய். அன்று இரவு திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற எழுத்து அசையாமல் நின்றது.

எந்த மிஷினின் உறுப்பு எந்த மிஷினுக்குள் குடியிருக்கிறது என்ற அந்த உறவுமுறைதான் அவருடைய தொழில். அது எந்தப் பெயர்ப்பலகையிலும் எழுதியில்லை. இன்று தெருவில் செல்போன் கடைகள்தான் கண்ணில் படுகின்றன.

உங்கள் பள்ளி அலமாரியில் இப்படி ஒன்று கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்னைப் போல அவசரப்பட்டு பிளக்கையும் செருகாதீர்கள். முதலில் மூடியைத் திறந்து, ஐசி எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.