பூஅர் தேநீர்: முதிர்ந்த தேயிலையின் சுவை வரலாறு

பூஅர் தேநீர் என்பது சீனாவின் தென்மேற்கு மாகாணமான யுன்னானில் விளையும் பெரிய இலைத் தேயிலையிலிருந்து தயாரிக்கப்படும் தேநீர் ஆகும். பெரும்பாலான பச்சைத் தேயிலைகள் பறித்த ஆண்டிலேயே குடிக்கப்படுகின்றன. பூஅர் அதற்கு மாறானது. வட்டுகளாக அழுத்தப்பட்டு, பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து, நுண்ணுயிர்களின் செயலாலும் காற்றின் செயலாலும் மெல்ல மாறிய பின்பே இது உயர்வாக மதிக்கப்படுகிறது. இருபது, முப்பது ஆண்டு முதிர்ந்த பூஅர், தேநீர்ச் சுவைஞர்களிடையே தனி இடம் பெற்றுள்ளது.

இந்த முதிர்ந்த சுவை யுன்னானில் திட்டமிட்டு உருவாக்கப்பட்டதல்ல. தேயிலை விளைந்த மலைகளின் மக்கள் அதைப் பெரும்பாலும் புதிதாகவே குடித்தனர். முதிர்ந்த தேயிலையின் சுவையை அறிந்து போற்றியவர்கள், அதைத் தொலைவிலிருந்து வாங்கிச் சேமித்த ஹாங்காங், தாய்வான் நகரங்களின் வணிகர்களும் நுகர்வோரும் ஆவர்.

பெயரும் வகைப்பாடும்

பூஅர் என்பது ஓர் ஊரின் பெயர். சுற்றியுள்ள மலைகளில் விளைந்த தேயிலை இந்தச் சந்தை ஊரில் திரட்டப்பட்டு வெளியூர்களுக்குச் சென்றதால், ஊரின் பெயரே தேயிலைக்கும் ஆனது. பழைய பூஅர் ஊர் இன்று நிங்அர் எனப்படுகிறது. அருகிலுள்ள சிமாவ் நகரம் 2007ஆம் ஆண்டு பூஅர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சீனர்கள் தேயிலையை அதன் தயாரிப்பு முறையையும் நிறத்தையும் கொண்டு வகைப்படுத்துகின்றனர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாலுடன் குடிக்கப்படும் தேயிலையைச் சீனர்கள் 'சிவப்புத் தேயிலை' என்கின்றனர். நுண்ணுயிர்களால் நொதித்தவற்றுக்கே 'கருந்தேயிலை' என்று பெயர். நீலகிரி, இலங்கை மலையகத் தொழிற்சாலைகளில் 'நொதித்தல்' எனப்படும் கட்டம் உண்மையில் இலையிலுள்ள நொதிகளால் நிகழும் ஆக்சிஜனேற்றம் ஆகும். அது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பூஅரில் பூஞ்சைகளும் ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் பங்கேற்கும் மாற்றம், இலை உலர்ந்த பிறகே நிகழ்கிறது. எனவே இதைப் பின்நொதித்த தேயிலை என்றும் அழைப்பர்.

பூஅர் இரு வகைப்படும். இயற்கையாக முதிர விடப்படுவது 'ஷெங்' அல்லது பச்சைப் பூஅர். குவித்து ஈரமாக்கி விரைவாக நொதிக்கச் செய்யப்படுவது 'ஷூ' அல்லது பக்குவப்படுத்திய பூஅர். இரண்டாவது வகை 1970களில்தான் தோன்றியது.

குதிரைப் பாதையும் அரண்மனையும்

யுன்னானின் தெற்கே ஷிஷுவாங்பன்னா பகுதியிலுள்ள யீவு, யீபாங் முதலிய 'ஆறு பெரும் தேயிலை மலைகள்' நீண்டகாலப் புகழ் பெற்றவை. இந்த மலைகளில் புலாங், தாய், ஹானி முதலிய இனத்தவர் தேயிலை வளர்த்தனர். சிங் பேரரசு 1729ஆம் ஆண்டு பூஅரை ஒரு நிர்வாகப் பிரிவாக அமைத்துத் தேயிலை வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. உயர்ந்த தேயிலை பெய்ஜிங் அரண்மனைக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்டது. பூசணிக்காய் வடிவில் அழுத்தப்பட்ட காணிக்கைத் தேயிலை பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

பூஅர் செரிமானத்துக்கு உதவும் என்ற நம்பிக்கை பழையது. 18ஆம் நூற்றாண்டில் சாவ் ஷுயெமின் எழுதிய மருத்துவ நூல் இதைக் குறிப்பிடுகிறது. அதே நூற்றாண்டின் புகழ்பெற்ற நாவலான 'சிவப்பு மாளிகைக் கனவு'ம், உண்ட உணவு செரிப்பதற்காகப் பூஅர் குடிப்பதைப் பற்றிப் பேசுகிறது.

மலையிலிருந்து திபெத்துக்கும் பிற பகுதிகளுக்கும் தேயிலை சென்ற வழிகள் 'தேயிலைக் குதிரைப் பாதை' எனப்படுகின்றன. குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சுமக்க ஏற்றவாறு தேயிலையை ஆவியில் இளக்கி வட்டாகவோ செங்கல்லாகவோ அழுத்தினர். மரபான வட்டு ஒன்றின் எடை 357 கிராம். ஏழு வட்டுகளை மூங்கில் மடலில் சுற்றினால் ஏறத்தாழ 2.5 கிலோ. இத்தகைய பன்னிரண்டு கட்டுகள் சேர்ந்தது 30 கிலோ கொண்ட ஒரு கூடை. விலங்கின் இரு பக்கமும் ஒவ்வொரு கூடை தொங்கியது. மாதக்கணக்கான பயணத்தில் மழையும் வெயிலும் பட்டுத் தேயிலை வழியிலேயே நிறமும் சுவையும் மாறியது என்று கருதப்படுகிறது.

ஹாங்காங் கிடங்குகள்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யீவு மலையின் தனியார் வணிக நிலையங்கள் லாவோஸ், வியட்நாம் வழியாக ஹாங்காங்குக்குத் தேயிலை அனுப்பின. ஹாங்காங் உணவகங்களில் காலைச் சிற்றுண்டியுடன் தேநீர் குடிக்கும் வழக்கம் பரவலானது. எண்ணெய்ப் பண்டங்களுக்கு ஏற்ற பானமாகப் பூஅர் அங்கே விரும்பப்பட்டது. ஆனால் புதிய ஷெங் கடும் கசப்பும் துவர்ப்பும் கொண்டது. ஆகவே வணிகர்கள் அதைக் கிடங்கில் பல ஆண்டுகள் வைத்துப் பின்னர் விற்றனர்.

ஹாங்காங்கின் வெப்பமும் கடற்கரை ஈரப்பதமும் முதிர்ச்சியை விரைவுபடுத்தின. அதை மேலும் விரைவாக்க, சில வணிகர்கள் தேயிலையை ஈரம் மிகுந்த கீழ்த்தளங்களில் சில காலம் வைத்து, பிறகு உலர்ந்த இடத்துக்கு மாற்றினர். இது பின்னாளில் 'ஈரக் கிடங்கு' முறை எனப் பெயர் பெற்றது. இதற்கு மாறாக, இயல்பான காற்றோட்டத்தில் பொறுமையாக முதிர விடுவது 'உலர் கிடங்கு' முறை ஆகும். உணவகங்களுக்குப் பூஅர் அன்றாடச் சரக்காக இருந்ததால், இந்த முதிர்ந்த தேயிலை நெடுங்காலம் மலிவாகவே விற்றது.

1973: காலத்தைச் சுருக்கும் முயற்சி

ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல் முதிர்ந்த சுவையைப் பெற முடியுமா என்ற கேள்வி யுன்னான் தொழிற்சாலைகளுக்கு எழுந்தது. 1973ஆம் ஆண்டு அங்கிருந்து சென்ற குழுவினர், குவாங்டாங் மாகாணத்தில் தேயிலையை ஈரப்படுத்தி நொதிக்க வைக்கும் முறையைக் கற்று வந்தனர். குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் அந்த முறை செம்மைப்படுத்தப்பட்டது.

'ஈரக் குவியல்' எனப்படும் இந்த முறையில் உலர்ந்த தேயிலை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவிக்கப்பட்டு, நீர் தெளிக்கப்பட்டு, துணியால் மூடப்படுகிறது. நுண்ணுயிர்களின் செயலால் குவியலின் உள்ளே வெப்பம் ஏறும். அளவு மீறினால் இலை கருகிக் கெட்டுவிடும் என்பதால் பணியாளர்கள் குவியலை அவ்வப்போது கிளறிப் புரட்டுவர். ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் இலை கரும்பழுப்பாகிறது. இவ்வாறு பிறந்த ஷூ பூஅர் கசப்பற்றது. மண்மணமும் வழவழப்பும் கொண்டது. எனினும் அது நீண்டகாலம் முதிர்ந்த ஷெங்கின் சுவையிலிருந்து வேறுபட்டே இருந்தது. நகலாகத் தொடங்கிய ஷூ, நாளடைவில் தனக்கென விரும்பிகளைப் பெற்ற தனி வகையாக நிலைபெற்றது.

முதிர்ச்சியில் நிகழ்வது

பூஅருக்கான இலை வாட்டப்பட்டு, வாணலியில் குறைந்த சூட்டில் வறுக்கப்பட்டு, உருட்டப்பட்டு, வெயிலில் உலர்த்தப்படுகிறது. மிகுந்த வெப்பம் படாததால் இலையின் நொதிகள் முழுதும் அழிவதில்லை. சேமிப்பில் அவற்றின் எஞ்சிய செயலும், ஆக்சிஜனேற்றமும், நுண்ணுயிர்களும் சேர்ந்து இலையை மாற்றுகின்றன. கசப்புக்கும் துவர்ப்புக்கும் காரணமான கேட்டகின்கள் குறைந்து, தியாபிரவுனின் எனப்படும் பழுப்பு நிறப் பொருள்கள் பெருகுகின்றன. வெளிர் மஞ்சளாக இருந்த சாறு ஆண்டுகள் செல்லச் செல்ல செம்பு நிறத்தையும் பிறகு கருஞ்சிவப்பையும் அடைகிறது.

இடத்துக்கு ஏற்ப வேகம் மாறும். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும் குன்மிங்கில் முதிர்ச்சி மெதுவானது. வெப்பமான ஹாங்காங்கிலும் மலேசியாவிலும் விரைவானது. ஒரே தொழிற்சாலையில் ஒரே ஆண்டில் அழுத்தப்பட்ட இரு வட்டுகள், வெவ்வேறு ஊர்களில் வைக்கப்பட்டால் வெவ்வேறு தேநீர்களாகிவிடுகின்றன. முதிர்ச்சி எப்போதும் நன்மையே செய்யும் என்பதும் இல்லை. ஈரம் மிகுந்தால் பூசணம் பிடித்துப் பயனற்றதாகும்.

சுவைக்கும் முறை

வட்டிலிருந்து மழுங்கிய கத்தியால் ஐந்து முதல் எட்டு கிராம் வரை இலை உடையாமல் பெயர்த்து எடுக்கப்படுகிறது. மூடியுள்ள சிறு பீங்கான் கிண்ணத்திலோ யீஷிங் களிமண் கெண்டியிலோ இட்டு, கொதிநீர் ஊற்றி, முதல் நீரைக் கொட்டிவிடுவர். இது தூசியைக் கழுவி, இறுகிய இலையை இளக்குகிறது. பின்னர் சில நொடிகளே ஊற வைத்து வடித்த சாறு சிறு கோப்பைகளில் குடிக்கப்படுகிறது. பால், சர்க்கரை சேர்ப்பதில்லை. நல்ல தேயிலை பத்து முறைக்கு மேலும் சாறு தரும். ஒவ்வொரு முறையும் சுவை சற்றே மாறுவதைக் கவனிப்பதே இந்தத் தேநீரின் முதன்மையான இன்பம்.

சீனச் சுவைஞர்கள் இதற்குத் தனிச் சொற்களை வைத்துள்ளனர். 'சென்ஷியாங்' என்பது முதிர்ந்த மணம். பழைய மரம், உலர்ந்த பேரீச்சை, மழை நனைத்த மண் ஆகியவற்றை நினைவூட்டுவது. சில வட்டுகளில் கற்பூர மணம் இருக்கும். 'ஹுய்கான்' என்பது திரும்பி வரும் இனிப்பு. நெல்லிக்காயைத் தின்ற பின் குடிக்கும் தண்ணீர் இனிப்பதைப் போல, விழுங்கிய பிறகு கசப்பு விலகித் தொண்டையில் இனிமை எழுவது இது. நன்கு முதிர்ந்த தேயிலையில் கசப்பு அடங்கினாலும் இந்த இனிமை எஞ்சி நிற்கும். ஈரக் கிடங்கில் கெட்ட தேயிலையில் பூசண வாடையே மேலோங்கி, தொண்டையில் உறுத்தல் தோன்றும்.

வயதின் விலை

1990களில் ஹாங்காங்கின் பழைய உணவகங்கள் சில மூடப்பட்டபோது அவற்றின் கிடங்குகளிலிருந்த தேயிலை வெளியே வந்தது. தாய்வான் சேகரிப்பாளர்கள் அதை ஆர்வத்துடன் வாங்கினர். தாய்வானைச் சேர்ந்த டெங் ஷிஹாய் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட பூஅர் பற்றிய நூல், பழமை கூடக் கூட மணம் கூடும் என்ற கருத்தைப் பரப்பியது. அந்தக் கருத்து சீனப் பெருநிலத்துக்குச் சென்று, பூஅரைக் குடிக்கும் பொருளிலிருந்து முதலீட்டுப் பொருளாக மாற்றியது.

விலை வேகமாக ஏறி 2007ஆம் ஆண்டின் முற்பாதியில் உச்சத்தைத் தொட்டு, அதே ஆண்டில் சரிந்தது. நல்ல விலையை நம்பி வீடு கட்டிய மலை விவசாயிகளும், கடன் வாங்கிச் சரக்குச் சேர்த்த சிறு வணிகர்களும் பாதிக்கப்பட்டனர். 2008ஆம் ஆண்டின் தேசியத் தர விதி, யுன்னானின் வரையறுக்கப்பட்ட பகுதிகளில் விளைந்து வெயிலில் உலர்ந்த பெரிய இலைத் தேயிலையிலிருந்து செய்ததே பூஅர் என வரையறுத்தது.

விதி பிறப்பிடத்தை வரையறுத்தது. முதிர்ந்த தேயிலையின் வயது பற்றிய ஐயம் தீரவில்லை. பழைய வட்டுகளின் உறைகளில் தயாரிப்பு ஆண்டு அச்சிடப்படவில்லை. அரசுத் தொழிற்சாலைகள் பலவும் ஒரே வகை உறையைப் பயன்படுத்தின. புகழ்பெற்ற '7542' போன்ற எண்களும் வாங்குவோரைக் குழப்புகின்றன. அதில் 75 என்பது கலவை முறை உருவான 1975ஆம் ஆண்டையும், 4 இலையின் தரத்தையும், 2 மெங்ஹாய் தொழிற்சாலையையும் குறிக்கும். வட்டு எந்த ஆண்டில் அழுத்தப்பட்டது என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஆகவே உறையின் தாள், அச்சு மை, வட்டுக்குள் பதிக்கப்பட்ட சிறு சீட்டு ஆகியவற்றுடன் சாற்றின் நிறமும் சுவையுமே வயதை மதிப்பிடும் சான்றுகளாயின. போலிகள் பெருகியதும் இதனால்தான்.

இன்றைய நிலை

பூஅர் நகர ஆட்சிப் பகுதியிலுள்ள ஜிங்மாய் மலையின் பழந்தேயிலைக் காடுகள் 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. காட்டு மரங்களின் நிழலில் தேயிலை வளர்க்கும் புலாங், தாய் மக்களின் நெடிய மரபு இதன்மூலம் உலக ஏற்புப் பெற்றது.

இன்றைய உறைகளில் தயாரிப்பு நாள் அச்சிடப்படுகிறது. ஆனால் அதன் பிறகு வட்டு எங்கே, எத்தகைய காற்றில் வைக்கப்பட்டிருந்தது என்பதை எந்த உறையும் சொல்வதில்லை. எனவே அனுபவமுள்ளவர்கள் முழு வட்டை வாங்குவதற்கு முன் அதில் சில கிராம் பெற்று, கொதிநீர் ஊற்றிச் சுவைத்துப் பார்த்தே முடிவு செய்கின்றனர்.