பந்து பாலூவுக்கு, தலைமை யாருக்கு?

ஐ.டி. கம்பெனியில் பொட்டி தட்டுகிற எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சொற்பொழிவைக் கேட்டிருப்பீர்கள். லோனாவாலா பக்கம் ஒரு ரிசார்ட், கழுத்தில் அடையாள அட்டை, திரையில் 1983 உலகக் கோப்பையோடு கபில்தேவ். "டீமுக்காக ஆடுங்க, தன்னால மேல வருவீங்க" என்பார் பயிற்சியாளர். கைதட்டிவிட்டுப் பனீர் சாப்பிடப் போவோம்.

கபில் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் பிழைக்க வந்த இந்தப் புனே ஊரிலேயே வேறொரு ஆட்டக்காரரின் கதை இருக்கிறது. ராமச்சந்திர குஹா 2002-ல் தன் கிரிக்கெட் வரலாற்றுப் புத்தகத்தில் விரிவாக எழுதிய பிறகுதான் வெளியே நிறைய பேருக்குத் தெரிய வந்தது. எந்தப் பயிற்சியாளரும் அதைத் தொடுவதில்லை. ஏன் என்று படித்தால் உங்களுக்கே புரியும்.

பெயர் பல்வங்கர் பாலூ. தார்வாரில் பிறந்தவர், தோல் வேலை செய்யும் சாதி. அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை, அதனால் புனே. பார்சிக்காரர்களின் கிளப் ஒன்றில் தரை பெருக்கி, பிட்ச் உருட்டுகிற வேலை, மாதம் மூன்று ரூபாய். 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்கு மாறினார், நான்கு ரூபாய்க்கு. வலை கட்டுவது, கோடு போடுவது, அப்புறம் துரைமார்கள் மட்டை பிடித்துப் பழக இடது கையால் பந்து போடுவது. அங்கே ஜே.ஜி. கிரெய்க் என்று ஒரு நல்ல ஆட்டக்காரர். தன்னை ஒரு தடவை அவுட்டாக்கினால் எட்டணா என்று பாலூவுக்கு அவர் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மணிக்கணக்கில் பந்து போட்டார் பாலூ. மட்டையை மட்டும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

இந்தச் சேதி ஊருக்குள் பரவி, வெள்ளையரை ஜெயிக்க இவன் வேண்டும் என்று இந்துக்களின் கிளப்பும் அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் எல்லோரும் தொட்ட அதே பந்தைத்தான் அவரும் தொட்டார். தேநீர் இடைவேளையில் மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் தனியாகத் தேநீர். நம்மூர் டீக்கடை இரட்டைக் குவளை ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

பிறகு பம்பாய், ரயில்வே வேலை. 1906-ல் வெள்ளையர் அணியை இந்துக்கள் 109 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தபோது பாலூவும் தம்பி சிவராமும் அணியில் இருந்தார்கள். 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி பெரும்பாலும் தோற்றது. பாலூ மட்டும் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பம்பாயில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. இளைஞரான அம்பேத்கருக்கு அவர் ஹீரோ.

சரி, அணித் தலைவர்? 1910-க்குப் பிறகு இந்தக் கேள்வி வருஷாவருஷம் எழுந்தது. பதில் எப்போதும் பிராமண ஆட்டக்காரர்தான். 1913-ல் தலைவரான எம்.டி. பாய் என்பவரே, இந்த மரியாதை மூத்தவர் பாலூவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னார், ஆனால் பல வருஷம் அவரே தலைவராக இருந்தார்.

1920-ல்தான் விஷயம் வெடித்தது. பாய்க்கு உடம்பு சரியில்லை. பாலூவை அணியிலிருந்தே நீக்கிவிட்டு, வயதில் ரொம்ப இளையவரான தேவ்தரைத் தலைவராக்கினார்கள். சிவராமும் இன்னொரு தம்பி விட்டலும் "எங்களுக்கு ஆட விருப்பமில்லை" என்று விலகினார்கள், பொதுவில் அறிக்கையும் விட்டார்கள். அப்போது விட்டல் அணியின் முக்கியமான மட்டையாளர். காந்தி தீண்டாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வருஷம் வேறு. கமிட்டி பணிந்தது. பார்சிகளுடனான இறுதி ஆட்டத்துக்குப் பாலூவைத் திரும்ப எடுத்து, துணைத் தலைவராக்கினார்கள். குணமாகித் திரும்பிய பாய், ஆட்டத்தின் நடுவே மைதானத்தை விட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அந்த நேரத்தில் பாலூ அணியை நடத்தினார்.

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். இருபது வருஷத்துக்கு மேல் எடுத்த விக்கெட்டுகள் செய்யாததை, சக ஆட்டக்காரர்கள் இருவரின் "மாட்டோம்" செய்தது. மேலே இருந்தவர் எழுந்து போனது மீதியைச் செய்தது. நன்றாக வேலை செய்தால் தானாக மேலே வருவாய் என்ற பாடத்துக்கு இந்தக் கதையில் இடமே இல்லை.

ஆபீஸில் பார்த்ததைச் சொல்கிறேன், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் எல்லோரும் கூப்பிடுவது ஒரே ஆளை. அப்ரைசலில் அவருக்கு "டீம் பிளேயர்" என்று எழுதுவார்கள். க்ளையண்டைப் பார்க்க அனுப்புவது வேறு ஆளை. எங்கள் டேமேஜர் இதற்கு "கம்யூனிகேஷன்" என்று பெயர் வைத்திருந்தார். இதுவும் பாலூ பட்டதும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நமக்கு யாரும் மண் குவளை நீட்டவில்லை. ஆனால் இந்தப் பக்கம் சேர்ந்த முதல் வாரமே "சர்நேம் என்ன?" என்று கேட்கிறார்களே, எதற்கு என்று நினைக்கிறீர்கள்? நாம் இனிஷியலைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். பக்கத்து சீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவரை ஒதுக்கும்போது நாம் சிவராமா, விட்டலா, அல்லது தலையைக் குனிந்து ஆணி பிடுங்குகிற மற்ற ஒன்பது பேரா? தங்கமணி இதைப் படித்துவிட்டு, "ஈ.எம்.ஐ. கட்டுறவங்க ஒன்பது பேர்லதான் இருப்பாங்க" என்றார். மறுக்க முடியவில்லை.

1923-ல் இந்து அணிக்கு விட்டல் தலைவரானார். அந்த வருஷம் வெள்ளையரை ஜெயித்துப் பட்டமும் வாங்கினார்கள். ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் அப்போது ஆட்டத்தை விட்டிருந்தார். 1932-ல் எரவாடா சிறையில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் நம்மூர் எம்.சி. ராஜா, ரெட்டமலை சீனிவாசன், ராஜாஜி பெயர்களோடு பாலூ பெயரும் இருக்கிறது. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை பம்பாயில் நிறுத்தியது, தன்னை ஹீரோவாக நினைத்த அதே அம்பேத்கருக்கு எதிராக. பாலூ தோற்றார். 1955-ல் பம்பாயில் இறந்தார்.