மாவிலிருந்து உக்கும் பிளாஸ்டிக்: நனோத் துணிக்கையும் தும்பும் உமியும்

சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாள், ரெஜிபோம் உணவுப் பெட்டி, 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் ஆகியவற்றுக்கு 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் இலங்கையில் தடை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேர் வரையில் உயிரிழந்திருந்தனர். தடையைத் தொடர்ந்து 'உக்கக்கூடியது' என்ற அடையாளத்துடன் மாற்றுத் தாள்களும் பைகளும் கடைகளுக்கு வந்தன. அவை எதனால் ஆனவை என்று கேட்பது நுகர்வோரின் உரிமை.

உக்கும் பொருள்களுக்கான மூலப்பொருள்களில் மிக மலிவானது மாப்பொருள். மரவள்ளி, சோளம், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் அது உண்டு. மாவை வெறுமனே சூடாக்கினால் உருகாது, கருகிவிடும். நீரும் கிளிசரோலும் சேர்த்து வெப்பத்தில் பிசைந்தால் மாமணிகள் உடைந்து பிளாஸ்டிக் போல இளகும். கூழ் காய்ச்சியவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததே: சூட்டில் தடிக்கும், ஆறினால் இறுகும். அந்த இறுக்கம்தான் இங்கே சிக்கல். நாள் செல்லச் செல்ல மாப்பொருளின் சங்கிலிகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கப்பட்டு, தாள் நொறுங்கத் தொடங்கும். ஈரக் காற்றிலோ நீரை உறிஞ்சித் தொய்ந்துவிடும். ஆகவே அதற்குள் வேறொன்றை நிரப்பி வலுவூட்ட வேண்டியுள்ளது.

அந்த நிரப்பியை மாப்பொருளிலிருந்தே எடுக்கலாம் என்பதுதான் நனோ ஆய்வின் சுவாரசியம். பிரான்ஸின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 1990களிலிருந்து இதில் முன்னணியில் நின்றனர். மாமணிக்குள் ஒழுங்கான பளிங்கு அடுக்குகளும் ஒழுங்கற்ற அடுக்குகளும் மாறிமாறி இருக்கின்றன. அமிலம் முதலில் ஒழுங்கற்ற பகுதியைத் தின்னும். சோளத்தின் ஒரு வகை மாவை 40 பாகை செல்சியஸில் ஐந்து நாட்கள் சல்பூரிக் அமிலத்தில் வைத்தால் மிஞ்சுபவை சில நனோமீற்றர் தடிப்பே கொண்ட பளிங்குத் தட்டுகள். தடை செய்யப்பட்ட 20 மைக்ரோன் தாளின் தடிப்புக்குள் இவற்றில் ஏறத்தாழ 3,000 தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். தாளுக்குள் இவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோல நிற்பதால் உறுதி கூடுகிறது. நீராவியும் ஒட்சிசனும் நேரே ஊடுருவ முடியாமல் சுற்றி வளைந்து செல்ல வேண்டியும் வருகிறது. ஆனால் அளவு மிஞ்சினால் தட்டுகள் கட்டியாகி, அந்த இடத்திலேயே தாள் கிழியும்.

செலவும் உண்டு. 100 கிலோ மாவிலிருந்து கிடைப்பது 15 கிலோ அளவே. அமிலக் கழிவையும் கையாள வேண்டும். கரைத்த மாப்பொருளை மதுசாரத்தில் துளித்துளியாக விட்டு நனோத் துணிக்கையாகப் படியச் செய்யும் வழியில் விளைச்சல் அதிகம். ஆனால் அத்துணிக்கைகளில் பளிங்குத்தன்மை குறைவு; வலுவும் அவ்வளவு கூடாது. சாப்பாட்டுத் தட்டு, நாற்றுச்சாடி போன்ற தடித்த பொருள்களுக்கு நனோவே தேவையில்லை என்பது எனது கருத்து.

அங்கே தும்பும் உமியும் போதும். தென்னந்தும்பில் இலிக்னின் அதிகம், கடல்நீரையும் தாங்கும். உமியில் சிலிக்கா உண்டு. கடினம் தரும், இயந்திரத்தின் திருகைத் தேய்க்கவும் செய்யும். இரண்டின் மேற்பரப்பிலும் மெழுகு இருப்பதால் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் கழுவிய பின்னரே மாப்பொருள் நன்கு பற்றும். வடக்கு கிழக்கில் பனந்தும்பும் ஒடியல் மாவும் உண்டு. ஆனால் ஒடியல் மா உணவு. மனிதர் உண்ண உதவாத கழிவு மாவை மட்டுமே இதற்கு எடுப்பது நியாயம். பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்ட பனைகளின் இடத்தில் வடலிகள் வளர்ந்து பயன்தரப் பல ஆண்டுகள் செல்லும். மூலப்பொருள் தாராளமாக இருக்கிறதென்று கணக்குப் போடக்கூடாது.

இனி அடையாளத்துக்கு வருவோம். பொலித்தீனுடன் மாவைக் கலந்த பையில் நுண்ணுயிர்கள் மாவை மட்டும் தின்னும்; பொலித்தீன் துண்டு துண்டாகி மண்ணிலேயே கிடக்கும். பொலிலக்ரிக் அமிலத் தாள் 60 பாகைக்கு அண்மிய வெப்பமுள்ள தொழிற்சாலைப் பசளைக் குவியலில்தான் விரைவாக உக்கும். வீட்டுக் கோடியிலோ கடல்நீரேரியிலோ நீண்டகாலம் அப்படியே கிடக்கும். ஆகவே எங்கே, எத்தனை நாளில் உக்கும் என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்து அயடீன் கரைசலில் ஒரு துளி விட்டும் பார்க்கலாம். நீலக்கறுப்பு நிறம் வந்தால் மாப்பொருள் இருக்கிறது. அதனுடன் பொலித்தீன் கலந்திருக்கிறதா என்பதை அந்தத் துளி காட்டாது. அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டும்.